வன்னியில் ஒரே வகைச் சாமான் விற்கும் சின்னக் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட இலங்கையில், கிளிநொச்சிக்குப் பக்கத்துப் பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் கொஞ்சத் தூரம் வந்தால் என் கடை. சைக்கிள் சாமான், தண்ணீர் இறைக்கிற மிசின் சாமான், இரண்டும்தான். சோடாகூட விற்பதில்லை. வாசலில் ஒரு வாங்கு கிடக்கிறது. ரியூப்புக்கு ஒட்டுப் போட்டு முடியும்வரை அதில் இருப்பவர்கள் கேட்பது நாலைந்து வருடமாக ஒரே கேள்விகள்தான். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற சொந்தக்காரர் கேட்பதும் அதேதான். வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்து, ஒரு மழை நாளில் எழுதத் தொடங்கினேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சட்டம், வரி வருகிற இடங்களில் நான் கடைக்காரன், சட்டத்தரணி அல்ல. பெரிய தொகை என்றால் ஒரு சட்டத்தரணியிடம் போய்க் கேளுங்கள்.

எல்லாக் கடையும்தானே கஷ்டப்படுது? உங்களுக்கு மட்டும் என்ன புதுசா?

பலசரக்குக் கடையில் பருப்பு வந்த கிழமையே போய்விடும். போன காசில் அடுத்த மூடை வரும். என் கடையில் ஒரு ஃபிறீவீல் (பின் சில்லின் பற்சக்கரம்) எட்டு மாதம் கொழுவியில் தொங்கும். ஆனால் அது இல்லாவிட்டால், தேடி வந்தவர் அடுத்த முறை வரவே மாட்டார். பத்து வகை வைத்திருந்தால்தான் இரண்டு வகை விற்கும். மற்ற எட்டும் சுவரில் தொங்குகிற காசு.

முல்லைத்தீவில் வலையும் தூண்டிலும் விற்கிறவர், மண்வெட்டி அடிக்கிற கொல்லன் பட்டறை, நாட்டு மருந்துச் சரக்குக் கடை, தையல் கடை, நகை செய்கிற பத்தர் கடை எல்லாருக்கும் இதே கதைதான். எங்களிடம் வருகிற ஆட்கள் குறைவு, வருகிறவர் கேட்பது நுணுக்கமான சாமான், போட்ட முதல் மெதுவாகத் திரும்பும். நாட்டில் காசு இறுகினால், மெதுவாக ஓடுகிற முதல்தான் முதலில் நிற்கும்.

பொருளாதாரம் சரியாகிட்டுது எண்டுதானே ரீவியில சொல்லுறாங்கள். பிறகேன் கடையில ஆள் இல்லை?

அவர்கள் சொல்வது விலை ஏறுகிற வேகத்தை. 2022 செப்டெம்பரில் கொழும்புக் கணக்குப்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. பிறகு இறங்கி, 2024 கடைசியில் பூச்சியத்துக்குக் கீழேயும் போனது. வேகம் நின்றதே தவிர, ஏறின விலை பழைய இடத்துக்கு வரவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதம் 360 வரை போய், 2025இல் 300 அளவில் நின்றது. இறக்குமதிச் சாமானின் விலையும் அங்கேதான் நிற்கிறது. வற் வரி 2022 தொடக்கத்தில் 8 வீதம், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம்.

இந்தப் பக்கத்துக் கூலிக்காரரின் நாட்கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. முன்பு பின் ரயர் தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவார்கள். இப்போது பின் ரயரைக் கழற்றி முன்னுக்குப் போட்டு, புதிதாக ஒன்று மட்டும் வாங்குகிறார்கள். அந்த மாற்றத்தையும் வீட்டிலேயே செய்துவிட்டு, கடைக்கு வந்து காற்று மட்டும் அடித்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பிழை சொல்ல மாட்டேன். நானும் என் செருப்பை இரண்டு தரம் தைப்பித்துத்தான் போட்டிருக்கிறேன்.

2022இல பெற்றோல் இல்லாமல் எல்லாரும் சைக்கிளுக்கு மாறினவையள். உங்களுக்கு அள்ளு கொள்ளைதானே அண்ணை?

இதைக் கேட்காத ஆளே இல்லை. சனம் வந்தது உண்மை. 2022 ஜூன், ஜூலையில் பத்து வருடம் கோழிக்கூட்டுக்கு மேல் கிடந்த சைக்கிள்களெல்லாம் வாசலில் வரிசையில் நின்றன. பழைய ரலி சைக்கிள்கூட ஒன்று வந்தது. ஆனால் போடுவதற்குச் சாமான் இல்லை. டொலர் இல்லாததால் இறக்குமதி இறுகிப் போயிருந்தது. யாழ்ப்பாணத்து மொத்தக் கடைக்குப் போனால் ஆளுக்கு நாலு ரயர்தான், அதுவும் கைக்காசுக்கு. அங்கே போய்வரவும் பெற்றோல் வேண்டும்.

ஒட்டுப் போட்டும் றிம் வளைவு எடுத்தும் உழைத்தேன், மறுக்கவில்லை. கியூஆர் குறியால் பங்கிடுகிற முறை வந்து பெற்றோல் சீரானதும் அந்தக் கூட்டம் கரைந்தது. மிசின் சாமான் பக்கம் கதை வேறு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. விசுவமடு, தருமபுரம் பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றில் இறைப்பது மண்ணெண்ணெய் மிசினால். இறைப்பைக் குறைத்தார்கள், சிலர் தோட்டத்தையே விட்டார்கள். ஓடாத மிசினுக்குப் பிளக்கும் வாசரும் எதற்கு? ஆக, அந்த வருடம் ஒரு கையில் வந்தது மறு கையால் போனது.

கடன் குடுக்காமல் கடை நடத்தேலாதோ?

நடத்தலாம், வவுனியா நகரத்துக்குள் என்றால். இங்கே காசு வருடத்தில் இரண்டு தரம்தான் வெளிச்சத்துக்கு வரும். காலபோகம் அறுத்து மாசி, பங்குனியில் ஒரு தரம். சிறுபோகம் அறுத்து ஆவணி, புரட்டாதியில் ஒரு தரம். மிசின் பழுதாவது பயிருக்குத் தண்ணீர் வேண்டிய நேரத்தில். அப்போது அவர் கையில் காசு இராது. "அறுத்தாப்போல தாறன் தம்பி" என்பார். நான் புட்வால்வை (கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடியில் பூட்டுகிற வால்வு) கொடுக்காவிட்டால் பயிர் வாடும். பயிர் வாடினால் பழைய கடனும் வராது.

கடன் கொப்பி அப்பா காலத்துப் பழக்கம். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். கொடுத்தது நீலப் பேனையில், வந்தது சிவப்பில், கணக்கு முடிந்தால் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. பெயர்களும் அப்பா வைத்த மாதிரித்தான்: "குளத்தடி அக்கா", "லான்ட்மாஸ்டர் தம்பி", "கட்டை மாமா". 2021 ஐப்பசியிலிருந்து 2022 பங்குனி வரைக்குமான கொப்பி ஒன்று மேசை லாச்சியில் கிடக்கிறது. பாதிப் பக்கங்களில் கோடு இல்லை.

அந்தப் போகத்தில் நடந்தது இது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது இங்கே விதைத்து முடிந்திருந்தது. விளைச்சல் விழுந்தது. அறுத்ததும் தருகிறேன் என்றவருக்கு அறுக்கவே பெரிதாக ஒன்றும் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், டொலர் ஏறியது. கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஐப்பசியில் 600 ரூபாய்க்கு எடுத்த ரயரை 750க்குக் கடனாகக் கொடுக்கிறேன். சித்திரையில் அந்த மனிதர் சொன்ன சொல் தவறாமல் 750ஐக் கொண்டுவந்து வைக்கிறார். அன்றைக்கு மொத்தக் கடையில் அந்த ரயர் 1,400. கொப்பியில் 150 ரூபாய் இலாபம் காட்டுகிறது. கொழுவியில் அரை ரயர்தான் திரும்பித் தொங்குகிறது. நேர்மையான ஆளிடமே இந்த நட்டம் என்றால், மற்றவர்களை நான் எந்தக் கணக்கில் எழுதுவது?

அப்ப வட்டி போட்டுக் கடன் குடுக்கலாமே?

சைக்கிள் கடைக்காரன் வட்டிக்காரன் ஆனால் கோயிலில் பக்கத்தில் நிற்கவும் யோசிப்பார்கள். நான் செய்வது வேறு. கைக்காசு விலை ஒன்று, கொப்பி விலை ஒன்று. இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கோபித்தவர்கள் இருவர். மற்றவர்கள் "சரி, பாதியை இப்ப வைச்சிரு" என்று பழகிவிட்டார்கள். இரண்டு விலையுமே காட்சிப்படுத்திய விலைக்கு மேலே போகக்கூடாது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

சங்கக்கடை, யாழ்ப்பாண மொத்தக்காரர் உங்களுக்குக் கடன் தரமாட்டினமோ?

முன்பு வான் வந்து சாமான் இறக்கும். 45 நாள், 60 நாள் தள்ளித் திகதி போட்டுக் காசோலை கொடுத்தால் போதும். எங்கள் கொப்பிக் கடனைத் தாங்கியது அந்த 60 நாள்தான். 2022இல் மொத்தக்காரர் ஒருவர் "செக் எழுதவேண்டாம் தம்பி, காசு இருந்தாச் சாமான்" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருக்குக் கொழும்பில் அதே நிபந்தனை. இப்போது காசோலைக்குச் சாமான் தருவது மறுபடி தொடங்கியிருக்கிறது, நாட்கள் குறைந்து.

கைக்காசுக்கு எடுத்துக் கடனுக்கு விற்பது, இதுதான் எங்கள் கழுத்துச் சுருக்கு. விற்பனை குறைந்ததால் மூடின கடை நான் அறிய இரண்டு. இந்தச் சுருக்கில் மூடினவை அதைவிடக் கூட. சங்கக்கடை அரிசி, மா, மண்ணெண்ணெய்க்குத்தான். எங்கள் சாமானுக்கு அங்கே இடமில்லை.

சுப்பர் மார்க்கட் வந்துதானே உங்களை அடிச்சது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கிற சுப்பர் மார்க்கட்டில் ஃபிறீவீல் விற்பதில்லை. ஆனால் ஒரு விதத்தில் அடி உண்டு. அங்கே போனால் காசைக் கையில் வைத்தால்தான் பையைத் தருவார்கள் என்று சனத்துக்குத் தெரியும், அதனால் கைக்காசு அங்கே போகிறது. என்னிடம் வரும்போது கொப்பி. ஒரே வீட்டுக் காசுதான். யாரிடம் கடன் சொல்லலாமோ அவரிடம் கடைசியாகத்தான் காசு வரும்.

உண்மையான போட்டி வேறு இடத்தில். ஒலிபெருக்கி கட்டி வானில் கொண்டுவந்து வீதியோரம் மலிவாக விற்கிறவர்கள் ஒரு பக்கம். லீசிங்கில் வருகிற மோட்டார் சைக்கிள் மறுபக்கம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள் இல்லாவிட்டால் நான் எப்போதோ மிசினோடு நின்றிருப்பேன்.

ஒன்லைன்ல அதே சாமான் மலிவு. நான் ஏன் உங்களிட்ட வாங்கவேணும்?

மலிவாக இருந்தால் வாங்குங்கள். நானும் சில சாமானை அங்கேதான் எடுக்கிறேன். ஆனால் 28 அங்குல ரயருக்குப் பதில் 26 வந்தால், அதைத் திருப்பி அனுப்புகிற செலவோடு கணக்குப் பாருங்கள். அப்புறம், பார்சலில் எடுத்த சாமானைக் கொண்டுவந்து "இதைப் போட்டு விடு" என்று கேட்டால் கூலி சொல்வேன். முகத்தைச் சுளிக்கக் கூடாது.

பார்சலில் எடுக்க முடியாத வியாபாரம் எது என்று கேட்டால், முறிகண்டிக் கச்சான் கடைகளைக் காட்டுவேன். ஏ9 வீதியில் போகிற பஸ்ஸும் லொறியும் பிள்ளையார் வாசலில் நிற்கும், கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார்கள், திரும்பும்போது கையில் சுடச்சுடக் கச்சான் பை. வாகனத்தை நிறுத்துவது கடைக்காரர் அல்ல, வழக்கம். கச்சானை எங்கேயும் வறுக்கலாம். அந்த நிறுத்தம் வேறெங்கும் இல்லை. எல்லாக் கடைக்கும் ஒரு பிள்ளையார் வாய்க்காது, அதுவும் தெரியும்.

பழுது பார்க்கிறதில காசு வருமோ, சாமான் விற்கிறதிலயோ?

டொலர் ஏறின பிறகு, கைவேலையில்தான். என் கைக்கு வற் இல்லை, இறக்குமதித் தடை இல்லை. ஒரு சில்லுக்கு வளைவு எடுக்க அரை மணித்தியாலம் போகும். சில்லைச் சுழற்றி, பிறேக் கட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்து, எங்கே உரசுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் உரசுகிற பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று விட்டு, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் வளைவு அடுத்த பக்கம் ஓடும். இதை அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் இருக்கவிட்டார், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், 1,500 ரூபாய் ரயருக்குப் பேரம் பேசாதவர் வளைவுக் கூலிக்குப் பேசுவார். "ஒரு கம்பிகூட மாத்தேல்லையே" என்பார். இன்னொன்று, பழக ஆள் இல்லை. பொடியங்கள் கட்டாருக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள், மாதச் சம்பளம் நிச்சயம் என்று. நான் அவர்களின் வயதில் இருந்தால் அதையேதான் செய்வேன்.

முந்திப் பொருளாதாரத் தடையிலயே கடை நடத்தினீங்கள்தானே? அதைவிடவா இது?

வயதானவர்கள் கேட்பது. 90களில் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று ஒரு பெரிய பட்டியலே இந்தப் பக்கம் வர விடாமல் தடுத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளை ஒரு மூடி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினார்கள். அப்பாவுக்கு அப்போது நல்ல வேலை. சாமான் இல்லை, ஆனால் இருக்கிறதை வைத்துச் சரிப்பண்ணத் தெரிந்தவன் தேவைப்பட்டான். 1996இல் கிளிநொச்சியை விட்டுப் புதுக்குடியிருப்புக்குப் போய் அங்கே போட்டார். 2002இல் ஏ9 திறந்ததும் திரும்பி வந்தோம். 2009இல் ஒரு சாவிக் கொத்துகூட மிஞ்சவில்லை. 2010இல் தறப்பாளுக்குக் கீழே ஒரு காற்றுப் பம்போடு தொடங்கினது இப்போதிருக்கிற கடை.

அதைவிட இது பெரிதா என்றால், இல்லை. ஆனால் இது வேறு வகை. அப்போது சாமான் இல்லை, எல்லாருக்கும் இல்லை. இப்போது எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கிறது, வாங்கத்தான் முடியவில்லை. அப்போது கடனைத் தர முடியாதவர் வந்து வாங்கில் இருந்து கதைப்பார். இப்போது என் கடையைத் தாண்டும்போது அடுத்த பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறார். அந்தச் சைக்கிளின் செயினும் நான் கொடுத்ததுதான்.

கடை பதிய என்னென்ன வேணும்? வரி கட்டவேணுமோ?

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். பிரதேச சபையில் வருடாவருடம் வியாபார அனுமதிப் பத்திரம். தராசு வைத்திருந்தால் அதற்கு முத்திரை. விலையைக் காட்சிப்படுத்துவது கட்டாயம். அதற்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வரும்.

வற் பதிவு எங்களைப் போன்றவருக்கு இல்லை. 2024இல் அந்த எல்லை வருடத்துக்கு 6 கோடி ரூபாய் வியாபாரம். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். இரண்டுமே என் கொப்பிக்கு எட்டாத் தொகை. ஆனால் "எனக்கு வற் இல்லை" என்று சந்தோசப்படாதீர்கள். மொத்தக்காரர் தருகிற விலைக்குள் அந்த 18 வீதம் இருக்கிறது. பதிந்த பெரிய கடை அதைக் கழித்துக்கொள்ளும். பதியாத நான் கழிக்க முடியாது.

கொப்பியில இருக்கிற கடனை கோட்டில போட்டு எடுக்கலாமோ?

எடுக்கலாம், ஒரு வருடத்துக்குள். இது பலருக்குத் தெரியாது. இலங்கையின் காலாவதிச் சட்டத்தில், விற்றுக் கொடுத்த சாமான், கடைப் பற்று, கொப்பிக் கடன் ஆகியவற்றுக்கு வழக்குப் போடும் காலம், கடன் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். எழுத்தில் கையெழுத்து வைத்துத் தருகிறேன் என்று வாக்களித்த கடனுக்கு 6 வருடம். இடையில் கடன்காரர் கொஞ்சக் காசு கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதித் தந்தாலோ காலம் புதிதாகத் தொடங்கும். அதனால்தான் இப்போது யார் 200 ரூபாய் கொண்டுவந்தாலும் திகதி போட்டு, பக்கத்தில் அவரையே ஒரு கையெழுத்து வைக்கச் சொல்கிறேன்.

சிறு தொகை என்றால் நேரே நீதிமன்றம் இல்லை, முதலில் மத்தியஸ்த சபை. அங்கே உட்கார்ந்து பேசியே முடிந்தவை உண்டு. ஆனால் நானே ஒரு முறை கொப்பியைக் கொண்டுபோகலாமா என்று யோசித்து, "குளத்தடி அக்கா" என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன். எந்தக் குளம், எந்த அக்கா என்று கேட்டால் என்ன சொல்வது? இப்போது அடையாள அட்டைப் பெயரையும் எழுதுகிறேன், அடைப்புக்குள் பழைய பெயரோடு.

விலை ஏறப்போகுது எண்டு தெரிஞ்சா இருக்கிற சாமானை ஒளிச்சு வைக்கலாமோ? எல்லாரும் செய்யினம்தானே?

சட்டப்படி, விற்க வைத்திருக்கிற சாமானை இல்லை என்பதும் பதுக்குவதும் குற்றம். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கிற உண்மையான கேள்வி இது: பழைய விலைக்கு எடுத்த சாமானைப் பழைய விலைக்கு விற்றால் அடுத்த சாமான் எடுக்கக் காசு போதாது, புது விலைக்கு விற்றால் ஊர் ஏசும்.

நான் இரண்டும் செய்து பார்த்தவன். 2022 மார்ச்சில் பத்து நாள் பழைய விலைக்கே கொடுத்தேன். நல்ல பெயர் கிடைத்தது, கொழுவி காலியானது, மேலே சொன்ன அரை ரயர்க் கணக்கு கைக்காசிலும் நடந்தது. அதற்குப் பிறகு மொத்த விலைச் சிட்டையை மேசைக்கு மேல் ஒட்டினேன். "பாருங்கோ, நாளைக்கு நான் இதுக்குத்தான் எடுக்கவேணும்" என்று காட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலையை எழுதிப் போட்டேன். ஏச்சு நிற்கவில்லை, குறைந்தது. சிட்டை மஞ்சளாகி இன்னும் ஒட்டியபடி இருக்கிறது.

நகையை அடைவு வைச்சுச் சாமான் போடலாமோ? இல்லாட்டிக் குழுக்கடன்?

பவுண் விலை ஏறி ஏறி 2025 ஒக்டோபரில் மூன்று இலட்சத்தையும் தாண்டியதால், ஒரு சோடிக் காப்புக்கு முன்பு கிடைத்ததைப் போல் பல மடங்கு காசு கிடைக்கிறது. அதுதான் ஆபத்தும். அடைவு வைப்பதாக இருந்தால் ஒரு விதி: அந்தக் காசு ஒரு போகத்துக்குள் திரும்புகிற சாமானுக்கு மட்டும். விதைப்புக்கு முன் மிசின் சாமானுக்கு வைக்கலாம். கண்ணாடி அலுமாரிக்கு வைக்காதீர்கள்.

குழுக்கடன் என்கிற நுண்கடனைக் கடைக்கு எடுக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை தவணை. எங்கள் காசோ போகத்துக்குப் போகம் வருவது. இரண்டும் பொருந்தாது. இந்தப் பக்கத்துப் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனை அரசு பொறுப்பேற்க வேண்டி வந்தது, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சமும் வைத்தார்கள். உச்சமே 35 என்றால் அதற்கு முன் எவ்வளவு எடுத்திருப்பார்கள் என்று யோசியுங்கள். ஊருக்குள் நம்பிக்கையான ஆட்களோடு பிடிக்கிற சீட்டு இதைவிட மேல், கழிவு போனாலும்.

சுவிஸில இருக்கிற அண்ணை 20 இலட்சம் தாறாராம். கடை ஒண்டு போடட்டோ?

என்ன வேலை தெரியும் என்று முதலில் சொல்லுங்கள். வேலை தெரியாமல் சாமானை மட்டும் அடுக்கினால் முதல் கேள்வியின் விடைதான் உங்கள் கதி. ஒரு வருடம் யாரிடமாவது நின்று பழகுங்கள். என்னிடம் வந்தாலும் சரி, ஆள் தேவை.

தொடங்கினால் 20இல் 5ஐ மட்டும் போடுங்கள். வெளிநாட்டுக் காசில் வருகிற கடைகளுக்கு ஒரு சாயல் உண்டு: பெரிய பெயர்ப்பலகை, ஓடு பதித்த நிலம், குளிரூட்டி, திறப்பு விழாப் படம். மழைக்குள் சேற்றுக் காலோடு வருகிற விவசாயி அந்த வாசலில் செருப்பைக் கழற்றுவதா என்று நின்று யோசித்துவிட்டு என்னிடம் வருவார். எனக்கு நல்லதுதான், உங்களுக்கு அல்ல.

இன்னொன்று, விதைப்புக்கு முன் நடக்கிற சிறுபோகக் கூட்டத்தைக் கவனியுங்கள். இரணைமடுக் குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். அந்த ஏக்கர்க் கணக்குத்தான் எனக்கு அடுத்த ஆறு மாத வியாபாரம். அதைக் கேட்டுவிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் எடுக்கப் போவேன். நெல் விலையும் அப்படித்தான். 2025 பெப்ரவரியில் அரசு நாடு வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று நிர்ணயித்தது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்கத் தொடங்குமுன் தனியாருக்கு விற்றவர் என்ன விலைக்கு விற்றார் என்பது என் கொப்பியில் சிவப்புப் பேனை எவ்வளவு ஓடுகிறது என்பதில் தெரியும்.

எப்ப மூடவேணும் எண்டு எப்பிடித் தெரியும்?

இதைக் கேட்டவர் என் பக்கத்துத் தையல் கடைக்கார அக்கா. தையல் நின்றதால் அல்ல. வாடகையும் கரண்டும் கொடுத்து மிஞ்சினது அவரின் கைக்கூலியைவிடக் குறைவு என்பதால். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கரண்ட் விலை ஏறினபோது மிசினைக் காலால் மிதித்தார். பிறகு குறைந்தது, ஆனால் அதற்குள் அடைவு வைத்தது மூழ்கிவிட்டது. நான் சொன்ன அளவுகோல் இதுதான்: புதுச் சாமான் எடுக்க வீட்டுக் காசைத் தொட்டது தொடர்ந்து இரண்டு போகமா? அப்படியென்றால் கடை உங்களைத் தின்கிறது.

ஆனால் சட்டென்று மூடாதீர்கள். மூடின கடைக்குக் கடன் கட்ட யாரும் வரமாட்டார்கள். அவர்கள் கட்டுவது அடுத்த முறையும் கேட்கலாம் என்றுதான். பலகை விழுந்த அன்றே கொப்பியும் செத்துவிடும். மூட முடிவெடுத்தால் அதை வெளியில் சொல்லாமல், ஐப்பசியில் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்துங்கள். மெதுவாக ஓடுகிற சாமானை மொத்தக்காரருக்கே பாதி விலைக்குத் திருப்புங்கள். மாசி, பங்குனியில் நெல் காசு வரும்வரை கதவைத் திறந்தே வைத்திருங்கள். அக்கா தை மாதமே மூடிவிட்டார். அவருக்கு வர வேண்டிய தையல் கூலியில் கொஞ்சம் இப்போது என் கடைக்கு வருகிறது. "அந்த அக்காவைக் கண்டாக் குடுத்துவிடுங்கோ" என்று இரண்டு பேர் தந்தார்கள். கொப்பியில் அவருக்கும் ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறேன்.